சுவருக்கு அப்பால் ஒரு கை



தொலைவில் உள்ள ரோபோக்களை ஏவி வேலை வாங்கும் கலையைப் பற்றி, அதிலும் அந்த ஏவுதலைச் சாமானிய மனிதனுடைய கைக்கும் கண்ணுக்கும் இணக்கமாக்கும் முயற்சிகளைப் பற்றி, இன்று பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். விஷயம் புதிது போலத் தோன்றினாலும், அதன் வேர் நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற பண்டிகைக்கு வாங்கிக் கொடுத்த பொம்மைக் கார் ஒன்றை, ஆறு வயதான என் பேரன், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். கார் அவனை விட்டு விலகிப் போகும் வரையில் ஒரு குறையும் இல்லை. இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கமும், வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கமும் சொன்னபடி கேட்டுப் போயிற்று. கிணற்றடி வரை போய்த் திரும்பி, அவனை நோக்கி அது வரத் தொடங்கியதும்தான் சங்கடம் ஆரம்பமாயிற்று. துளசி மாடத்தில் மோதாமல் இருப்பதற்காக அவன் தன் வலப்பக்கமாகத் தள்ள, கார் தன்னுடைய வலப்பக்கம், அதாவது அவனுடைய இடப்பக்கம், திரும்பி நேரே மாடத்தில் போய் முட்டிக்கொண்டது. நாலைந்து முறை இப்படி முட்டிய பிறகு, ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே, அவன் எழுந்து ஓடிப்போய்க் காருக்குப் பின்னால் நின்றுகொண்டான். கார் எந்தத் திசையில் திரும்பினாலும் தானும் அதன் முதுகுப் பக்கத்திலேயே திரும்பித் திரும்பி ஓடினான். அதன் பிறகு ஒரு தடவைகூட முட்டவில்லை.

யந்திரத்தின் வலம் இடம் வேறு, தன் வலம் இடம் வேறு என்று கண்டபோது, இரண்டையும் ஒன்றாக்கும் சிரமத்தை அந்தச் சிறுவன் தன் கால்களின் மேல் ஏற்றிக்கொண்டான். நான் இன்று வற்புறுத்த விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சிரமம் யந்திரத்தைச் சேர்ந்தது. மனிதனுடைய எண்ணத்தை யந்திரத்தின் அசைவாகவும், யந்திரத்தின் நிலையை மனிதனுடைய அறிவாகவும் மாற்றுகின்ற ஒரு மொழிபெயர்ப்பு வேலை எங்கேயாவது நடந்தே தீர வேண்டும். அது ஏவுகிறவனுடைய மண்டைக்குள்ளேயே நடந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது, யந்திரம் சமைப்பவர் தம் கடமையில் பாதியைச் செய்யாமல் விடுவதாகும் என்பது என் துணிபு.

எதுவும் பழகப் பழக வந்துவிடும், பிறகென்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. பழக்கத்தின் வலிமையை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். ஆயினும் பழக்கத்தினால் வந்த வித்தைக்கும் இயல்பினால் வருகிற வித்தைக்கும் ஒரு பேதம் உண்டு. அமைதியான வேளையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கண்ணில் வியர்வை வழிய, காதில் அபாய மணி ஒலிக்க, ஒரு கணத்தில் முடிவு செய்ய வேண்டிய நெருக்கடி வரும்போது, வருந்திப் பழகியது பின்வாங்கிவிட, பிறவியோடு வந்த கைச்சுபாவம் முன்னே வந்து நின்றுவிடும். தொலைவிலிருந்து ஏவப்படும் ரோபோக்களோ பெரும்பாலும் அத்தகைய நெருக்கடிகளுக்காகவே பிறந்தவை.

நம் சமையலறை இடுக்கியைச் சற்று நினைத்துப் பாருங்கள். கொதிக்கிற பாத்திரத்தை இடுக்கியால் பற்றி இறக்கும் ஒரு தாயார், பாத்திரம் எவ்வளவு கனக்கிறது, விளிம்பு நழுவுகிறதா, உள்ளே நீர் அலம்புகிறதா என்பதை எல்லாம் இரும்பின் வழியாகவே அறிந்துகொள்கிறார். இடுக்கி தம் கையில் இருக்கிறது என்ற நினைவே அவருக்கு இல்லை. பாத்திரத்தையே தொடுவதாகத்தான் அவர் உணர்கிறார். உபகரணம் மறைந்து காரியம் மட்டும் எஞ்சி நிற்கும் இந்த நிலைதான், இந்தத் துறையில் உழைத்தவர்கள் எல்லாரும் தேடிய பொருள். அதை முதன்முதலில் தெளிவாகத் தேடியவர்களுள் ஒருவர், அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு வெளியே உள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ரேமண்ட் கோர்ட்ஸ் என்னும் பொறியாளர்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில், அணு உலைகளிலிருந்து வெளிவந்த கதிரியக்கப் பொருள்களைக் கையால் தொடவும் முடியாது, ஆராயாமல் விடவும் முடியாது என்ற நிலை ஏற்பட்டது. கனத்த கான்கிரீட் சுவர்களுக்குள் அவற்றை அடைத்து, ஈயம் கலந்த தடித்த கண்ணாடியின் வழியே, சற்று மஞ்சள் பாரித்துத் தெரியும் அந்த அறையைப் பார்த்துக்கொண்டே, வெளியிலிருந்து வேலை செய்தாக வேண்டும். முதலில் தோன்றிய உபாயம் மோட்டார்களும் விசைகளும்: மேலே போக ஒரு விசை, பக்கவாட்டில் நகர ஒரு விசை, மணிக்கட்டைத் திருப்ப ஒரு விசை, விரல்களை மூட ஒரு விசை. காகிதத்தில் இது குறையற்ற ஏற்பாடு. ஆனால் ஒரு குப்பியின் மூடியைத் திருகித் திறக்க வேண்டுமானால், ஏவுகிறவர் அந்த ஒற்றைச் செயலைப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக மனத்திலே வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் உரிய விசையைத் தேடி அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும், உள்ளே இருக்கும் இரும்பு விரல் குப்பியை மெல்லப் பற்றியிருக்கிறதா, நொறுக்கப் போகிறதா என்பது கைக்குத் தெரியாது.

கோர்ட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1940-களின் இறுதியில் செய்த காரியம், விசைகளை அடியோடு விலக்கிவிட்டு, ஒரே மாதிரியான இரண்டு கைகளைச் சமைத்ததுதான். சுவருக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. முன்னதை ஏவும் கை என்றும் பின்னதை ஏவல் கை என்றும் சொல்லலாம். இரண்டையும் எஃகு நாடாக்களும் கம்பிகளும் சுவரைக் கடந்து சென்று பிணைத்தன. வெளியே நிற்பவர் ஏவும் கையின் பிடியைப் பற்றித் தம் இயல்பின்படி நகர்த்தினால், உள்ளே இருப்பது அதே வழியில் நகரும். மூன்று திக்குகளில் நகர்வு, மூன்று விதத் திருப்பம், விரல் பற்றுதல் ஆகிய ஏழு அசைவுகளும் ஒருமித்து, எண்ணிய மாத்திரத்தில், நடைபெறும். இதனினும் முக்கியமான மற்றொன்று உண்டு. எஃகு நாடா இரு பக்கமும் இழுபடுமாதலால், உள்ளே விரல் ஒரு பொருளின் மேல் இடித்தால் வெளியே கை அந்த இடிப்பை உணர்ந்தது. மூடி இறுகினால் அந்த இறுக்கம் மணிக்கட்டில் ஏறிற்று. சுவருக்கு அப்பால் ஸ்பரிசம் போய்த் திரும்பியது. 1954-இல் நாடாக்களுக்குப் பதிலாக மின்மோட்டார்களைக் கொண்டு இணைத்தபோதும், அந்த எதிர்விசையைத் திருப்பித் தரும் குணத்தைக் கோர்ட்ஸ் கைவிடவில்லை. பாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், உணர்ச்சியை இழக்கலாகாது என்று அவர் கொண்ட பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நம் கல்பாக்கத்திலும், 1985-இல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலையிலிருந்து எடுத்த எரிபொருளை அறுத்தும் அளந்தும் ஆராயும் கதிர் அறைகளில், இந்த வமிசத்தைச் சேர்ந்த கைகளே வேலை செய்து வந்திருக்கின்றன.

மருத்துவத்தில் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வந்தது. வயிற்றில் சிறு துளையிட்டு நீண்ட கருவியை உள்ளே செலுத்திச் செய்யும் அறுவையில், துளையே கருவிக்கு ஆதாரப் புள்ளியாகிவிடுவதால், மருத்துவர் கையை வலப்பக்கம் நகர்த்தினால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். என் பேரனுடைய காரைப் போலத்தான். ஆண்டுக்கணக்கான பயிற்சியினால் மருத்துவர்கள் இந்தத் தலைகீழ் உலகத்தில் நடமாடக் கற்றுக்கொண்டார்கள். 2000-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற டா வின்சி என்னும் ரோபோ அந்தத் தலைகீழை நேராக்கிற்று: மருத்துவர் குனிந்து பார்க்கும் முப்பரிமாணப் படத்தில், தம் விரல்கள் இருக்கும் இடத்துக்கு நேரே கருவியின் நுனிகள் தோன்றும், வலம் வலமாகவே போகும், கை நடுக்கம் வடிகட்டப்படும், பெரிய அசைவு சிறிய அசைவாகச் சுருக்கப்படும். ஆயினும் பல ஆண்டுகள் வரை அந்தக் கருவியில் ஸ்பரிசம் இல்லை. தையல் நூல் எவ்வளவு இறுகிற்று என்பதை, நூல் விறைப்பதையும் தசை வெளுப்பதையும் கண்ணால் பார்த்தே மருத்துவர்கள் ஊகித்தார்கள். 2024-இல் அனுமதி பெற்ற ஐந்தாம் தலைமுறையில்தான் விசையை உணர்த்தும் கருவிகள் சேர்ந்தன. கோர்ட்ஸின் எஃகு நாடா இயல்பாகக் கொடுத்ததை, மின்னணுவியல் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து மீட்க வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னவற்றில் எல்லாம் தூரம் ஒரு சுவர் அளவு, அல்லது ஓர் அறை அளவு. தூரம் பெருகும்போது காலம் உள்ளே புகுந்துவிடுகிறது. 2001 செப்டம்பர் 7-ஆம் நாள், ஜாக் மாரெஸ்கோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் நியூயார்க்கில் அமர்ந்துகொண்டு, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த ஒரு பெண்மணியின் பித்தப்பையை ரோபோவின் மூலம் அகற்றினார். கை அசைந்து அதன் விளைவு திரையில் தெரிவதற்கு ஒரு வினாடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தாமதமாயிற்று. அந்த அளவைக் கை பொறுத்துக்கொண்டது. ஆனால் நிலவுக்கு?

1970 நவம்பர் 17-ஆம் நாள், சோவியத் நாட்டின் லூனகோத் என்னும் எட்டுச் சக்கர வண்டி நிலவின் மழைக்கடல் என்ற சமவெளியில் இறங்கிற்று. கிரைமியாவில் ஒரு கட்டடத்துக்குள் அமர்ந்திருந்த ஐவர் குழு அதை ஓட்டியது. வானொலி அலை போய்த் திரும்பவே இரண்டரை வினாடிக்கு மேலாகும். அதன் மேலும் ஓட்டுநருக்குக் கிடைத்தவை ஓடும் காட்சிகள் அல்ல, சில வினாடிகளுக்கு ஒரு முறை மாறும் அசையாப் படங்கள். தாம் பார்த்துக்கொண்டிருக்கும் பள்ளம் இப்போது முன்னால் இருக்கிறதா, சக்கரத்தின் கீழே வந்துவிட்டதா என்பதை அவர் மனக்கணக்கினாலேயே தீர்மானிக்க வேண்டும். இவற்றோடு இன்னொரு சிரமமும் சேர்ந்தது: ஓட்டுவதற்கான காமிராக்கள் தாழ்வாகப் பொருத்தப்பட்டிருந்தன. தரையோடு தரையாகத் தவழ்ந்து பார்ப்பவனுக்கு மேடு தெரியும், மேட்டுக்கு அப்பாலுள்ள குழி தெரியாது. நம் கண் இருக்கும் உயரத்திலிருந்தே தரையின் ஏற்ற இறக்கங்களை அளந்து பழகியவர்கள் நாம். அந்த உயரத்தைப் பறித்துவிட்டால் பிறவிக் கணக்கே பிசகிவிடுகிறது. 1973-இல் இரண்டாவது லூனகோதை அனுப்பியபோது, ஒரு காமிராவைக் கூடுதலாக உயரத்தில் பொருத்தினார்கள். முதல் வண்டி பத்து மாதங்களில் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போக, இரண்டாவது வண்டி நான்கு மாதங்களுக்குள் ஏறக்குறைய முப்பத்தொன்பது கிலோமீட்டர் போயிற்று. பயிற்சி பெற்ற குழுவும் மேம்பட்ட வண்டியும் இதற்குக் காரணம் என்பது மெய்யே. ஆயினும் மனிதக் கண்ணின் உயரத்தை யந்திரத்துக்குக் கொடுத்த அந்த எளிய விவேகத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

தாமதத்தின் கீழ் மனிதக் கை எப்படி நடந்துகொள்கிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விச்சாலையில் வில்லியம் ஃபெரல் 1960-களில் சோதித்துப் பார்த்தார். தாமதம் புகுத்தப்பட்ட ஏவல் கையைக் கொடுத்தவுடன், சோதனைக்கு வந்தவர்கள் தாமாகவே ஓர் உபாயத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: சற்று நகர்த்துவது, நிறுத்துவது, என்ன ஆயிற்று என்று தெரியும் வரை காத்திருப்பது, பிறகு மறுபடியும் சற்று நகர்த்துவது. இருட்டில் பழக்கமில்லாத படிக்கட்டில் இறங்குபவன் ஒவ்வொரு படியிலும் காலால் துழாவி நிற்பதில்லையா, அப்படி. ஸ்பரிசத்தைத் திருப்பி அனுப்புவதும் இங்கே துணைசெய்யாமல் துன்பமே செய்தது. மூன்று வினாடிக்கு முன் நடந்த இடிப்பு இப்போது வந்து கையைத் தள்ளினால், அதை எதிர்த்துக் கை செய்யும் அசைவு புதிய இடிப்பாகப் போய் முடியும். ஆகவே, கையை அப்படியே எடுத்துச் செல்வது என்ற கோர்ட்ஸின் தர்மம், கை எட்டும் காலத்துக்குள் மட்டுமே செல்லும்.

அந்த எல்லைக்கு அப்பால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஃபெரலும் அவருடைய சகாவான தாமஸ் ஷெரிடனும் சொன்ன விடையை, நம் நாட்டு வண்டிக்காரன் ஒருவனிடம் கேட்டிருந்தால் அவனும் சொல்லியிருப்பான். சந்தை முடிந்து இரவில் ஊர் திரும்பும் மாட்டு வண்டியை நான் சிறு வயதில் பலமுறை பார்த்திருக்கிறேன். மாட்டின் ஒவ்வொரு குளம்படியையும் வண்டிக்காரன் தீர்மானிப்பதில்லை. கல்லைக் கண்டு விலகுவதும் பள்ளத்தில் நிதானிப்பதும் மாட்டின் பொறுப்பு. எந்த வழியில் திரும்புவது, எங்கே நிற்பது என்பது அவன் பொறுப்பு. கயிறு தளர்ந்திருந்தாலும் அவன் கையிலேயே இருக்கிறது. பாலத்தருகே ஏதோ வெளிச்சம் தெரிந்தால் ஒரு சுண்டுச் சுண்டி நிறுத்திவிடுவான். அசைவை அனுப்பாமல் சங்கற்பத்தை அனுப்புவது, சிறு முடிவுகளை யந்திரத்துக்கு விட்டுப் பெரு முடிவுகளை மனிதன் வைத்துக்கொள்வது, வேண்டும்போது கயிற்றைச் சுண்டும் உரிமையை ஒருநாளும் இழக்காதிருப்பது: மேற்பார்வை ஏவல் என்று அவர்கள் சொன்ன முறையின் உட்பொருள் இதுதான்.

செவ்வாய்க் கிரகத்துக்கு வேறு வழியே இல்லை. அங்கே ஒரு செய்தி போய்ச் சேரவே மூன்று நிமிஷத்திலிருந்து இருபத்திரண்டு நிமிஷம் வரை ஆகும். 1997 ஜூலையில் அங்கே இறங்கிய ஸொஜர்னர் என்னும் பத்தரைக் கிலோ வண்டியை ஓட்டியவர், கலிபோர்னியாவின் பாஸடீனாவில் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து அமர்ந்து, செவ்வாயின் தரையைக் கணிப்பொறித் திரையிலே பள்ளம் மேட்டுடன் கண்டு, வண்டியின் சிறு உருவம் ஒன்றை அந்தக் காட்சிக்குள்ளே எடுத்துச் சென்று, இங்கே போ, இங்கே நில் என்று புள்ளிகளை ஊன்றி வைத்தார். இடையில் உள்ள பாறைகளை வண்டியே கண்டு ஒதுங்கிற்று.

ஏவல் அனுப்பும் பாதியைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினேன். மற்றப் பாதி, யந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மனிதனுக்கு உணர்த்துவது. ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011-இல் நேர்ந்த விபத்தின்போது இந்தப் பாதியின் அருமை வெளிப்பட்டது. இருண்ட கட்டடத்துக்குள் சென்ற ரோபோவின் காமிரா ஒரு சாவித் துவாரம் போன்றது. எதிரே உள்ளதைக் காட்டுமே தவிர, வண்டியின் பின்பக்கம் எதில் உரசுகிறது, கேபிள் எங்கே சிக்குகிறது என்பதைக் காட்டாது. அங்கே வேலை செய்த பாக்பாட் ரோபோக்களைச் சில வேளைகளில் இரண்டிரண்டாக அனுப்பினார்கள். ஒன்று கதவைத் திறக்க, மற்றொன்று சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வாண்டு அக்டோபரில் குவின்ஸ் என்ற ஜப்பானிய ரோபோ, இரண்டாம் உலையின் கட்டடத்துக்குள் தன் கேபிளே சிக்கிக்கொண்டு திரும்ப முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது.

இந்தக் குறைக்கு ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்ட ஒரு பரிகாரம் எனக்கு மிகவும் பிரியமானது. இரண்டாவது காமிராவும் வேண்டாம், இரண்டாவது ரோபோவும் வேண்டாம்: வண்டி சற்று முன்பு நின்ற இடத்திலிருந்து எடுத்த படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, அந்தப் படத்துக்குள் வண்டி இப்போது இருக்கும் இடத்தில் அதன் உருவத்தைக் கணிப்பொறியால் வரைந்து காட்டிவிடுகிறார்கள். ஓட்டுபவருக்கு, தம் வண்டிக்குச் சில அடிகள் பின்னால் நின்று அதன் முதுகைப் பார்ப்பது போன்ற காட்சி கிடைத்துவிடுகிறது. காருக்குப் பின்னால் ஓடிய என் பேரன் தேடிக்கொண்ட இடம் இதுவே. இங்கே அந்த ஓட்டத்தை யந்திரம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

கை அசைக்க இயலாதவருக்கு இயல்பு எது என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. டோக்கியோவில் நிஹோன்பாஷி பகுதியில் 2021 முதல் ஒரு சிற்றுண்டிச்சாலை நடைபெறுகிறது. அங்கே காப்பி கொண்டுவந்து வைத்து, வந்தவர்களோடு பேசிச் சிரிக்கும் ஒரிஹிமே என்னும் ரோபோக்களை ஏவுகிறவர்கள், தத்தம் வீடுகளில் இருப்பவர்கள், அவர்களில் சிலர் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள். விரல் அசையாதவர் கண்ணின் அசைவினால் ஏவுகிறார். அவருக்குக் கண்ணே கை. மூன்று எழுத்துகளைக் கண்ணால் தேர்ந்தெடுக்கும் சிரமத்தில் ஓர் உபசார வார்த்தை முழுவதையும் அமைத்துத் தருவது அந்த யந்திரத்தைச் சமைத்தவர்களின் கடமையாகிறது.

சமீபத்தில் நிகழ்ந்த ஒரு திருப்பத்தைச் சொல்ல வேண்டும். ரோபோக்கள் மனிதரைப் பார்த்துத் தாமே கற்றுக்கொள்ள வேண்டுமானால், மனிதர் ரோபோவை ஏவிச் செய்து காட்டிய பல உதாரணங்கள் தேவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2023-இல் அலோஹா என்ற பெயரில் இதற்கென ஒரு சாதனத்தை அமைத்தபோது, அவர்கள் தேர்ந்தெடுத்த முறை என்ன தெரியுமா? முன்னே செல்லும் கை ஒரு ஜோடி, அதைப் பின்தொடரும் கை ஒரு ஜோடி. ஏவுபவர் முன்கையைத் தாமே பிடித்து வளைக்க, பின்கை ஒவ்வொரு மூட்டிலும் அதையே பின்பற்றும். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு கோர்ட்ஸின் இரட்டைக் கை, இம்முறை கற்பிக்கும் ஆசானாக, மீண்டும் வந்து நிற்கிறது.

நம் ஊருக்கு வருகிறேன். சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்ட பின்பும் அந்தக் குழிகளில் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன என்பதை நினைக்கும்போது நெஞ்சு பொறுப்பதில்லை. கேரளத்து இளம் பொறியாளர்கள் சமைத்து 2018-இல் திருவனந்தபுரத்தில் அறிமுகமான பாண்டிக்கூட் என்னும் ரோபோ கும்பகோணம் முதலிய தமிழக நகரங்களுக்கும் வந்தது; சென்னை ஐ.ஐ.டி.யாரும் மலக்குழிகளுக்காக ஹோமோசெப் என்ற யந்திரத்தை உருவாக்கியிருக்கிறார்கள். முன்பு குழிக்குள் இறங்கியவர்களே இன்று மேலே நின்று, திரையைப் பார்த்து, இத்தகைய யந்திரத்தை ஏவுகிறவர்களாக மாற வேண்டும்; அதுவே நியாயம். அவர்கள் ஒன்றும் அறியாதவர்களாக யந்திரத்தின் முன் வந்து நிற்பதில்லை. கண் தெரியாத அந்த நீருக்குள், அடைத்திருப்பது கல்லா, துணியா, கண்ணாடிச் சில்லா, இறுகிய மணலா என்பதைக் காலாலும் விரலாலும் பிரித்தறிந்தவர்கள். எதைக் கிளறலாம், எதைக் கிளறினால் விஷவாயு கிளம்பும் என்பதை உயிரைப் பணயம் வைத்துக் கற்றவர்கள். வேற்று மொழி எழுத்துப் பொறித்த பொத்தான் வரிசையை அவர்கள் முன் வைத்து, பழகிக்கொள்ளுங்கள் என்று சொன்னால், அந்த அறிவு முழுவதையும் குழிக்குள்ளேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறோம் என்றுதான் பொருள்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் யாரேனும் ஒருவர் நாளை அத்தகைய யந்திரத்துக்கு ஒரு கைப்பிடி சமைக்கக் கூடும். கல்லில் இடித்தால் அதிரும் கைப்பிடி, துணியில் சிக்கினால் இழுபடும் கைப்பிடி, தமிழில் பேசும் திரை என்று எத்தனையோ யோசனைகள் அவருக்குத் தோன்றும். வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால், இருபது வருஷம் அந்தக் குழிகளில் இறங்கிய ஒருவரை அழைத்து, நாற்காலி கொடுத்து அமரச் செய்து, அவரிடம் முதலில் இதைக் கேட்கட்டும்: இருட்டில் கையை உள்ளே விட்டதும், ஐயா, முதலில் எதைத் தேடுவீர்கள்?